பின்புறம் இல்லாத படம்

ஐப்பசி மழை ஓயாத ஒரு வாரத்தில், எமது பங்கைச் சேர்ந்த பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். நான்கு நாள் காய்ச்சல்தான். அவனுடைய முதலாண்டு நினைவுத் திருப்பலிக்கு இரு வாரங்கள் இருக்கையில், அவனோடு பீடத்தில் பணிசெய்த சிறுவர் மூவர் எம் இல்லத்து வாசலில் வந்து நின்றனர். நினைவு அட்டையின் பின்பக்கத்தில் தாங்கள் செய்யும் படமொன்றை அச்சிட வேண்டும் என்பது அவர்கள் வேண்டுகோள்.

என்ன படம் என்று வினவினோம். 2006ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ரோப்லாக்ஸ் என்னும் கணினி விளையாட்டில் நால்வரும் பூண்டிருந்த உருவங்களாம். அவற்றை 'அவதார்' என்கின்றனர். மனுவுருவேற்பைப் பற்றி ஆண்டுதோறும் மறையுரை ஆற்றும் நமக்கு அச்சொல் சற்று உறுத்தியது உண்மையே. அதனினும் உறுத்தியது வேறொன்று. இவ்விளையாட்டின் பொருட்டுத் தந்தை மகனைக் கடிந்து, கைப்பேசியைப் பிடுங்கிப் பீரோவில் பூட்டிய வாரத்தில்தான் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. அவ்வாறு கண்டிக்குமாறு பெற்றோருக்குப் பிரசங்கத்தில் அறிவுறுத்தியவர் நாமே. ஆதலின் இசையவும் இயலவில்லை, மறுக்கவும் நா எழவில்லை. "முதலில் படத்தைக் கொண்டுவாருங்கள்" என்றோம்.

கொண்டுவந்தனர். மூன்று உருவங்கள் நன்றாயிருந்தன. நான்காவது, இறந்தவனுடையது, பழைய விளையாட்டுக் காட்சி ஒன்றிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டது. தலைமுடியைச் சுற்றிலும் பாசி படிந்தாற்போல் பச்சைக் கோடு. எத்தனை முறை அழித்தாலும் அது போகவில்லை என்று மூத்தவன் வருந்தினான். அழிக்க அழிக்க முடியும் சேர்ந்து தேய்ந்தது.

காரணத்தை அவனே எமக்கு விளக்கினான். கணினிப் படம் நுண்ணிய கட்டங்களாலானது. ஒவ்வொரு கட்டத்துக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். நான்காவதாக ஓர் எண்ணைச் சேர்த்து, அக்கட்டம் தன் பின்னிருப்பதை எவ்வளவு மறைக்கிறது என்று குறிக்கும் முறையை 1977–78இல் நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் எட் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித் என்னும் இருவர் வகுத்தனர். அதற்கு ஆல்பா என்று பெயர். (கிரேக்க நெடுங்கணக்கின் முதலெழுத்தைக் குருமடத்தில் நாம் கற்றது வேறு காரியத்துக்காக!) 1996இல் இணையத்துக்கென ஏற்கப்பட்ட பிஎன்ஜி என்னும் கோப்பு வகையில் இவ்வெண் 0 முதல் 255 வரை அமையலாம். 0 என்றால் கட்டம் முற்றிலும் மறைந்துவிடும். 255 என்றால் பின்னிருப்பது சிறிதும் தெரியாது. உருவத்தின் விளிம்பிலோ கட்டங்கள் பாதி உருவமும் பாதி வெளியுமாய் நிற்கும். எடுத்து முடிந்த காட்சியில் முடியின் கருமையும் புல்லின் பச்சையும் அந்த ஒரே கட்டத்துள் கலந்துவிட்டன. கலந்ததைப் பின்னர் பிரிப்பது அரிது. ஆகவே வெட்டி எடுப்பதைவிட, தொடக்கத்திலேயே பின்னணி இல்லாமல் உருவத்தை வரையச் செய்வதே வழி.

ஆனால் அதற்கு அவனது உருவமே வேண்டுமே! கடவுச்சொல் அவனோடு போயிற்று. பயனர் பெயரை மட்டும் இம்மூவரும் மனப்பாடமாய் அறிவர். அது போதுமாயிருந்தது. ரோப்லாக்ஸ் ஸ்டுடியோ என்னும் மென்பொருளில் பயனர் பெயரைக் கொண்டே எவருடைய உருவத்தையும் வரவழைக்கலாமாம். பள்ளிக் கணினியில் பெயரை எழுதியதும், இறுதியாக அவன் உடுத்துவிட்டுப் போன கோலத்திலேயே, செம்மஞ்சள் கழுத்துத் துணியும் தலைகீழாய் வைத்த தொப்பியுமாக வந்து நின்றான் என்று இளையவன் சொன்னபோது, நாம் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டோம்.

பின்னர் அவ்வுருவத்தை பிளெண்டர் என்னும் மென்பொருளுக்கு மாற்றினர். 2002 முதல் அது கட்டற்ற மென்பொருள், காசு கேட்பதில்லை. பின்னணியை ஒளிபுகச் செய்யும் அமைப்பைத் தேர்ந்து படமாக்கி எமது கைப்பேசிக்கு அனுப்பினர். வந்து சேர்ந்ததோ கரிய சுவர்முன் நிற்கும் உருவம். புகைப்படமாக அனுப்பினால் வழியில் அது வேறு கோப்பு வகையாகி, அந்த நான்காவது எண் தொலைந்துவிடுமாம். ஆவணமாக மறுபடி அனுப்பினர். இம்முறை கணினியில் திறந்து பார்த்து, "பின்னால் சதுரங்கப் பலகை எதற்கடா?" என்றோம். மூவரும் வாய்விட்டுச் சிரித்தனர். "அங்கே ஒன்றும் இல்லை என்பதற்கு அதுதான் ஃபாதர் அடையாளம்." முடியின் விளிம்பில் இப்போது பச்சை இல்லை.

அன்று மாலையே பெற்றோர் வீட்டுக்குச் சென்றோம். தாய் படத்தை நெடுநேரம் பார்த்தார், பின்னால் எதை வேண்டுமானாலும் வைக்கலாம் என்று சிறுவர் சொல்லவே, "நம்ம திண்ணையை வைக்கலாமா, தம்பி?" என்று கேட்டார். நால்வரும் பள்ளி விட்டு வந்து அமரும் இடம் அது. திண்ணையைப் படமெடுத்து, உருவங்களை உட்காரவைத்தனர். இவற்றுக்கு முழங்கால் இல்லாமையால் கால்கள் பலகைபோல் நேரே நீட்டிக்கொண்டிருந்தன. அதைக் கண்டு தாய் சிரித்ததை ஓராண்டுக்குப் பின் அன்றுதான் கண்டோம்.

அதுவரை ஒரு சொல்லும் பேசாதிருந்த தந்தை, "நிழல் இல்லையே, சாமி. அந்தரத்துல நிக்கிற மாதிரி இருக்கு" என்றார்.

அதற்கும் மூத்தவனிடம் வழி இருந்தது. உருவத்தின்கீழ் நிழலை மட்டும் ஏந்தும் தளமொன்றை விரித்து, நிழலையும் பாதி ஒளிபுகும் கறையாகப் பதிவு செய்யலாம். ஒளி எப்பக்கமிருந்து வருகிறது என்பது மட்டும் சரியாயிருக்க வேண்டும். மறுநாள் நாலரை மணிக்கு அதே திண்ணையில் தந்தையே போய் அமர்ந்து, தம் நிழல் எங்கே விழுகிறது என்று சுண்ணாம்புக் கட்டியால் கோடிட்டுக் காட்டினார்.

அட்டைகள் அச்சாகி வந்த அன்று, தந்தை பீரோவைத் திறந்து, அணைந்துகிடந்த அந்தக் கைப்பேசியை எடுத்து மூத்தவனிடம் நீட்டினார். "இதுலயும் அந்தப் படத்தை ஏத்திக் குடுப்பா" என்றார்.