அமானிதமும் கொதிநீரும்

ஒருவர் நம்மை நம்பி ஒப்படைத்த பொருளை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டால் அமானிதம் நிறைவேறிவிட்டது என்று பலரும் எண்ணுகின்றனர். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். ஒரு பழைய காரின் எஞ்சின் அந்த எண்ணத்தைத் திருத்தியது.

இங்கிலாந்தில், ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே தேம்ஸ் நதிக்கரையில் ஆபிங்டன் என்னும் ஊர் இருக்கிறது. எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார்களால் பெயர் பெற்ற ஊர் அது. 1929-இல் அங்கு வந்த தொழிற்சாலை 1980-இல் மூடப்பட்டது. 1962 முதல் மூடப்படும்வரை உருவான எம்.ஜி.பி. வகை மட்டுமே ஐந்து லட்சத்துக்கும் மேல். அவ்வூரில் நாம் குடியிருந்தபோது, அத்தொழிற்சாலையில் பணியாற்றிய முதியவர் ஒருவர் அண்டை வீட்டில் வாழ்ந்தார். 1967-ஆம் ஆண்டின் எம்.ஜி.பி. ஒன்றைக் கண்போல் காத்துவந்தார். 2018-ஆம் ஆண்டுக் கோடையில் நோயுற்று மருத்துவமனை சென்றபோது, அதன் சாவியை நம் கையில் தந்தார். "நிறுத்தியே வைத்தால் கெட்டுவிடும், வாரம் ஒருமுறையேனும் ஓட்டுங்கள்" என்று கேட்டுக்கொண்டார்.

அவ்வாண்டுக் கோடை அந்நாட்டுக்குப் பழக்கமில்லாத கொடுங்கோடை. நியூபரி செல்லும் பெருஞ்சாலையில் ஒருநாள் வெப்பமானியின் முள் மெல்ல ஏறிச் சிவந்த எல்லையை நெருங்கியது. வண்டியை ஓரமாக நிறுத்தினோம். ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போன கையை நல்லவேளையாக இழுத்துக்கொண்டோம். மூடிய அமைப்பினுள் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஒரு ராத்தல் கூடினால், நீரின் கொதிநிலை ஏறத்தாழ 3 டிகிரி பாரன்ஹீட் உயர்கிறது. அவ்வாறு அடங்கியிருக்கும் நீர், மூடி திறந்த கணமே ஆவியாய்ச் சீறி முகத்தை வேகவைத்துவிடும். மர நிழலில் ளுஹர் தொழுது, எஞ்சின் நன்கு ஆறும்வரை காத்திருந்து திறந்தோம். நீர் வெகுவாகக் குறைந்திருந்தது. ரப்பர் குழாயொன்றின் கழுத்தில் கசிவு. அதனை நாம் முன்பே அறிவோம். வாரந்தோறும் சமையலறைக் குழாய் நீரை ஊற்றி நிரப்பிவிட்டு, அதற்குப் பராமரிப்பு என்று பெயரிட்டிருந்தோம்.

மறுநாள் மருத்துவமனையில் முதியவர், "வண்டி எப்படி ஓடுகிறது?" என்று கேட்டார். "நன்றாக ஓடுகிறது" என்றோம். முள் காட்டிய உண்மையை நம் நாவு மறைத்தது.

நண்பர்கள் குறுக்கு வழிகள் சொன்னார்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியுங்கள் என்றார் ஒருவர். அதை எறிந்தால் எஞ்சின் உரிய சூட்டை எட்டவே வெகுநேரமாகும். எண்ணெய் தடித்தே நிற்கும். உள்ளுறுப்புகள் விரைவில் தேயும். எனினும் அதனை நூலில் கட்டி, அடுப்பிலிருந்த வெந்நீர்ப் பாத்திரத்தில் தொங்கவிட்டுச் சோதித்தோம். 82 டிகிரி செல்சியஸில் ஒழுங்காக வாய் திறந்தது. குற்றம் அதனுடையதன்று. பெரிய மின்விசிறி பொருத்துங்கள் என்றார் மற்றொருவர். நெரிசலில் நிற்கும்போது சூடேறினால் காற்றோட்டத்தை ஐயுறலாம். இந்த வண்டியோ நெரிசலில் அடங்கியிருந்து, காற்று தானே வந்து மோதும் வேகத்தில்தான் கொதித்தது. ஆகவே தடை காற்றில் இல்லை, நீரோட்டத்தில் இருந்தது. ஃபேன் பெல்ட்டின் இறுக்கமும் இக்னிஷன் டைமிங்கும் சரியாகவே இருந்தன.

விடை நம் வீட்டுத் தேநீர்க் கெண்டியில் இருந்தது. அப்பகுதியின் நீர் சுண்ணாம்பு மிகுந்த கடின நீர். கெண்டியின் அடியில் ஓடுபோல் வெண்படிவம் கட்டிவிடும். நாம் ஊற்றிய நீர் எஞ்சினுக்குள்ளும் அதே வேலையைச் செய்திருக்குமன்றோ? அதனுடன், துருவைத் தடுக்கும் குளிர்விப்புத் திரவமும் வாரந்தோறும் நீர்த்துப் போயிருந்தது. அந்த எஞ்சினின் உடலும் தலைப்பகுதியும் வார்ப்பிரும்பு. காப்பு நீங்கினால் துரு பிடிக்காதிருக்குமோ!

எஞ்சினின் வலப்புறம், பின்கோடியில், நீரை வடிக்கும் குழாய் ஒன்று உண்டு. திறந்தோம்; ஒரு சொட்டும் வரவில்லை. கம்பியால் குத்தியபின் செங்காவி நிறச் சேறு கொழகொழவென வழிந்தது. அதற்கு முன்னரே, எஞ்சினைச் சூடாக்கி நிறுத்திவிட்டு ரேடியேட்டரின் முகத்தைக் கையால் தடவிப் பார்த்திருந்தோம். நடுவே சில இடங்கள் மட்டும் குளிர்ந்திருந்தன. அங்கெல்லாம் குழல்கள் அடைபட்டிருந்தன என்பது பொருள்.

இரண்டு நாள்கள் வேலை நடந்தது. நீர் வழக்கமாக ஓடும் திசைக்கு எதிராக நீர் பாய்ச்சி, தெளிந்து வரும்வரை எஞ்சினைக் கழுவினோம். ரேடியேட்டர் பழுது பார்ப்பவரிடம் கொடுத்து அதன் உட்கூட்டைப் புதிதாக்கினோம். ரப்பர் குழாய்கள் அனைத்தையும் மாற்றினோம். குளிர்விப்புத் திரவமும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதியாகக் கலந்து, ஏறக்குறைய ஐந்தரை லிட்டர் நிரப்பினோம். அதே பெருஞ்சாலையில் முள் நடுவிலேயே நின்றது. அல்ஹம்துலில்லாஹ்!

எஞ்சின் தெளிந்துவிட்டது; நெஞ்சம் தெளியவில்லை. மருத்துவமனைக்குச் சென்று, கசிவை அறிந்தே விட்டதையும், குழாய் நீர் ஊற்றியதையும், பொய் சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொன்னோம். முதியவர் சற்று நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தச் சேறு ஒரு கோடையில் சேர்ந்ததன்று. மூன்று ஆண்டுகளாக நானும் குழாய் நீரைத்தான் ஊற்றிவந்தேன். குனிந்து வேலை செய்ய முடியவில்லை, யாரிடமும் சொல்ல வெட்கமாக இருந்தது" என்றார்.

இலையுதிர் காலத்தில் அவர் வீடு திரும்பினார். அவரை அருகில் அமர்த்தி ஆற்றங்கரை வரை ஓட்டிச் சென்றோம். வழிநெடுக இருவர் கண்களும் அந்த முள்மீதே இருந்தன.

ஒப்படைத்த பொருளின் குறையை உரியவரிடம் உரைப்பதும் அமானிதத்தில் அடங்கும் என்பதை அன்று கற்றோம். அதனைப் பேணும் வலிமையை வல்ல நாயன் நம் அனைவர்க்கும் அருள்வானாக!