பாய்ச்சீலைக் கூடாரம்

யாழ்ப்பாணத்து நடுத்தர வர்க்கத்தினர்க்கு மலைநாடு நெடுங்காலம் ஒரு காட்சியாகவே இருந்து வந்துள்ளது. விடுமுறைக்கு நுவரெலியா, ஏரியில் படகு, பூங்காவில் ஒரு புகைப்படம், திரும்பும்போது ஒரு கட்டுக் கரட்டும் லீக்சும். 1970ஆம் ஆண்டு ஜனவரித் தொடக்கத்தில் மாமனின் பழைய மொறிஸ் மைனர் காரை இரவல் வாங்கிக்கொண்டு புறப்பட்ட இளந்தம்பதியரும் இதற்கு விலக்கல்லர். மணமாகி ஐந்து மாதங்களே ஆகியிருந்தன. கணவர் விஞ்ஞான ஆசிரியர். மனைவி வடமராட்சிக் கரையோரத்தில் பிறந்தவர். விடுதிக்குக் கொடுக்கப் பணமில்லாமையால், தந்தையாரின் வத்தையில் கழித்துவிடப்பட்ட பாய்ச்சீலையை வெட்டித் தைத்து, அவரே ஒரு கூடாரம் ஆக்கியிருந்தார். அதிலிருந்து உப்பும் மீனும் கலந்த வாசம் கடைசிவரை போகவில்லை.

ஏழு இரவுகள் அவர்கள் வெளியே தங்கினார்கள். கண்டிவரை பயணத்தில் சொல்லத்தக்கது எதுவுமில்லை. கம்பளைக்கு அப்பால் ஏற்றம் தொடங்கியதும் கார் மூச்சு வாங்கிற்று. றம்பொட வளைவுகளில் மூன்று தடவை றேடியேற்றர் கொதித்தது. ஒவ்வொரு தடவையும் மனைவி போத்தலுடன் இறங்கி வீதியோரத்து நீரோடையைத் தேடிப் போக, கணவர் மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு மலையைப் பார்த்தபடி நிற்பார். அம்மலைகள் தமக்கு மனப்பாடம் என்று இன்றும் அவர் சொல்வதற்குக் காரணம் இதுவே எனலாம்.

பட்டிபொலவைத் தாண்டி ஹோட்டன் சமவெளியில் கழித்த இரவைப் பற்றி இருவரும் ஒருமித்துப் பேசுவர். ஏறக்குறைய 2,100 மீற்றர் உயரமான அவ்விடத்தில் நீர் 93 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடுகிறது. எவ்வளவு எரித்தாலும் அதற்குமேல் சூடேறுவதில்லை. கணவர் வளியமுக்கத்தை விளக்கிக்கொண்டிருக்க, மண்ணெண்ணெய் அடுப்பில் மொட்டைக்கறுப்பன் அரிசி கல்லாகவே கிடந்தது. "உங்கடை விளக்கம் அவிஞ்சிட்டுது, அரிசிதான் இன்னும் அவியேல்லை" என்றாராம் மனைவி. அன்றிரவு ஒடியலும் பனங்கட்டியுமே உணவு. இருந்த இரண்டு கம்பளிகளையும் ஒன்றாக்கிப் போர்த்தும் குளிர் விடவில்லை. விடியலில் கூடாரத்தை விலக்கிப் பார்த்தபோது, ஆனையிறவு உப்பளம் மலைக்கு ஏறி வந்தது போல, புல்வெளியெங்கும் உறைபனி வெளுத்துக் கிடந்தது. சற்றுத் தொலைவில் மரைகள் இரண்டு அசையாது நின்றன.

உலக முடிவுக்குச் சென்றதிலிருந்து இருவர் கதையும் பிரிகிறது. ஏறத்தாழ 870 மீற்றர் செங்குத்தாக இறங்கும் அவ்விளிம்பிலிருந்து, தெளிந்த காலைகளில் தெற்கே கடல் தெரியும் என்பர். தாம் கடலைக் கண்டதாகக் கணவர் சாதிக்கிறார். கரையில் பிறந்த மனைவியோ, "அது முகில்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார். எடுத்த படங்களைப் பார்த்துத் தீர்க்கலாம் என்றால், அவை 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வின்போது வலிகாமத்து வீட்டிலேயே விடுபட்டுவிட்டன. பாய்ச்சீலை மட்டும் வந்தது. தென்மராட்சியில் ஒரு மாமரத்தின் கீழ் அது மீண்டும் கூடாரமாயிற்று.

அப்புத்தளைக்கு அண்மையில், தேயிலைத் தோட்டமொன்றின் எல்லையில் அவர்கள் தங்கிய மாலையைப் பற்றி மனைவியே அதிகம் பேசுவார். மழையில் விறகு நனைந்திருந்தது. லயத்திலிருந்து ஒரு பெண் காய்ந்த சுள்ளிகளைக் கொண்டு வந்து, காற்றுக்கு முதுகைக் கொடுத்துக் குந்தியிருந்து அடுப்பை மூட்டிக் கொடுத்தாள். பிறகு கூடாரத்தைத் தொட்டு, "இது என்ன வாடைங்கம்மா?" என்று கேட்டாள். கடல் வாசம் என்று சொன்னபோது அவளுடைய முகம் மாறிற்றாம். அடுத்த மாதம் அவளும் குடும்பமும் கப்பலேறுகின்றனர். "ஊருக்குப் போறோங்க." எந்த ஊர் என்றதற்கு, "திருச்சிப் பக்கமுன்னு தாத்தா சொல்லுவாரு" என்றாள். அவளும், அவளுடைய தாயும் பிறந்தது அந்த லயத்திலேயே. 1948இல் குடியுரிமை இழந்த அம்மக்களில் 525,000 பேரை இந்தியா ஏற்க வேண்டுமென்று 1964இல் இரு பிரதமர்கள் கைச்சாத்திட்டபோது, அவளைக் கேட்டவர் யாருமில்லை.

அவள் கேட்டது ஒன்றுதான்: தலைமன்னாரிலிருந்து போகும் கப்பல் ஆடுமா?

தை மாதத்து வாடைக்காற்றில் பாக்குநீரிணை எப்படியிருக்கும் என்பது மனைவிக்குத் தெரியும். "ஆடாது தங்கச்சி, குளம் மாதிரி இருக்கும், பயப்படாதை" என்று சொல்லிவிட்டார். மீதியிருந்த பனங்கட்டியை அவளுடைய பிள்ளைகளுக்கென்று கட்டிக் கொடுத்தார். ஊர் திரும்பிப் பெற்றோர் வீட்டில் படுத்த முதல் இரவு, காற்றில் கிடுகுக் கூரை அடித்துக்கொள்ள, அப்பெண் எந்தத் திகதியில் கப்பலேறுவதாகச் சொன்னாள் என்று கணவரை எழுப்பிக் கேட்டார். அவருக்குத் தெரியவில்லை.

இன்றும் தெரியாது. அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை, அவள் விறகைப் போட்டுவிட்டு உடனே போய்விட்டாள் என்பது அவருடைய நினைவு. "நீங்கள் அப்ப காருக்குக் கீழை படுத்துக் கிடந்தனீங்கள்" என்பார் மனைவி. அதை அவர் மறுப்பதில்லை. காருக்கு அன்று என்ன பழுது என்பதை விளக்கத் தொடங்குவார்.