திருகோணமலைக் கடலில் ஒரு பகல்

உல்லாசப் பயணம் எங்களைப் போன்றவர்களுக்கு உரியதல்ல என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். கோயிலுக்குப் போவதென்றால் எவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். கடல் பார்க்கப் போவதென்றால், "புருஷன் இல்லாதவளுக்கு இப்ப கடல் கேக்குதோ?" என்பார் பக்கத்து வீட்டு மாமி. ஆகவே, எமது மாதர் சங்கத்தில் 22 பேர் காசு சேர்த்துத் திருகோணமலைக்குச் செல்ல முடிவானபோது, கோணேசர் கோயிலுக்குப் போகிறோம் என்றே எல்லோரும் வீட்டில் சொன்னோம். அது பொய்யுமல்ல.

வவுனியாவிலிருந்து ஹொரவப்பொத்தானை வழியாகச் சென்று முதலில் கன்னியாவில் இறங்கினோம். ஏழு வெந்நீர்க் கிணறுகள். எல்லாம் சிறியவை, வாளியால் அள்ளி வார்க்கலாம். ஒன்றின் சூடு மற்றதற்கு இல்லை. தாயின் இறுதிக் கடனுக்காக இராவணன் உண்டாக்கியவை என்பது ஐதீகம். எங்களுடன் வந்த ஓர் அக்கா மட்டும் பஸ்ஸை விட்டு இறங்கவில்லை. அவரது மகன் காணாமல் ஆக்கப்பட்டவர். கடன் கழிக்கும் இடத்தில் தண்ணீர் வார்த்தால் பிள்ளை இல்லை என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்றார். நாங்கள் வற்புறுத்தவில்லை.

கோணேசர் ஆலயத்துக்குப் பிரெட்ரிக் கோட்டை வாசலால்தான் போகவேண்டும். 1620களில் போர்த்துக்கேயர் பழைய ஆலயத்தை இடித்து, அதன் கற்களையும் கொண்டு கட்டிய கோட்டை அது. பின்பு ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் ஆண்டனர். இடிந்த ஆலயத்தின் தூண்களை 1950களில் சுழியோடிகள் கடலடியில் கண்டார்கள். இப்போதுள்ள ஆலயத்துக்கு 1963 இல் கும்பாபிஷேகம் நடந்தது. கோட்டைக்குள் புள்ளிமான்கள் ஆட்டுக்குட்டிகள் போல அருகில் வந்து நிற்கின்றன. கச்சான் சுற்றிய கடதாசியையும் தின்கின்றன, பாவம்.

மலையுச்சியில் ஒரு கல்தூண் உண்டு. 1687 இல் பிரான்சினா என்ற ஒல்லாந்தப் பெண், கைவிட்டுப்போன காதலனின் கப்பலைப் பார்த்தபடி இங்கிருந்து குதித்தாள் என்று கதை சொல்வார்கள். அவள் பின்னாளில் வேறொருவரை மணந்து வாழ்ந்தாள் என்றும் எழுதியிருக்கிறார்கள். எனக்கு இரண்டாவது கதைதான் பிடித்தது. பெண் செத்தால்தான் கதை என்று ஊர் நினைக்கிறது போலும்.

மதியம் நிலாவெளி. சித்திரை தொடக்கம் புரட்டாதி வரை இக்கடல் குளம் போல் கிடக்கும்; மாரியில் இறங்கக்கூடாது. 2004 சுனாமியில் இக்கரை பட்ட பாடு பலருக்கும் தெரியும். தூரத்தே புறாத்தீவு தெரிந்தது. வெள்ளைக்காரர் அதைச் சுற்றியுள்ள பவளப்பாறை பார்க்கப் படகில் போனார்கள். எங்களிடம் அதற்குக் காசில்லை.

2009 சித்திரையில், நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடையே கிடந்த மணலில் இவரைப் புதைத்தோம். அன்றுதொட்டு நான் கடலில் கால் நனைத்ததில்லை. மகளையும் விட்டதில்லை. அப்போது கைக்குழந்தையாக இருந்தவள், இப்போது சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு நிற்கிறாள். மீன்பிடிகாரனின் பிள்ளை, நீந்தத் தெரியாது.

"அம்மா, நான் இறங்கட்டோ?"

ஓம் என்றும் வரவில்லை, இல்லை என்றும் வரவில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கன்னியாவில் இறங்காத அந்த அக்காதான் சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு, "வாடி பிள்ளை" என்று அவள் கையைப் பிடித்தார். அலை வந்து இருவரையும் நனைத்தது. மகள் கத்திச் சிரித்தாள். அவரும் அப்படித்தான் சிரிப்பார்.

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நானும் போனேன். தண்ணீர் இளஞ்சூடாக இருந்தது. இடுப்பளவில் நின்று மகளின் வயிற்றின் கீழ் கைகொடுத்து மிதக்கப் பிடித்தேன்; சிறுவயதில் ஐயா எனக்குப் பழக்கியது அப்படித்தான். பஸ் சாரதி மூன்று தரம் ஹோர்ன் அடித்த பிறகே கரையேறினோம். போகிறவர்கள் இரண்டு பழைய சேலைகள் கொண்டு போங்கள். மறைவாக உடை மாற்ற உதவும். நாங்கள் ஈர உடுப்போடுதான் வவுனியா வரை வந்தோம்.