உப்பு தின்ற சேஸ்

நேற்று மதியம் வேப்பமரத்தடியில் கோணியை விரித்து, என் 407 லாரியின் சேஸுக்கு அடியில் படுத்துக்கொண்டு கம்பி பிரஷால் தேய்த்துக்கொண்டிருந்தேன். பாடியைக் கழற்றிப் பட்டறையில் விட்டாயிற்று. அவர்கள் பலகை மாற்றி முடிப்பதற்குள் வெறும் சேஸை வீட்டுக்கு ஓட்டி வந்து, நானே துருவெடுத்து, நானே பெயிண்ட் அடித்துவிடுவது என்று தீர்மானம். மூக்கையும் வாயையும் முகமூடி மூடியிருந்தும் அந்த வாசம் தொண்டைக்குள் இறங்கிவிட்டது. துருவும் பழைய கிரீஸும் டீசலும் கலந்த வாசம். அப்பாவின் காக்கிச் சட்டையில் அதுதான் இருக்கும்.

அப்பாவுடையது லேலண்ட். நாமக்கல் பக்கத்தில் எங்களைப் போல ஒற்றை லாரியை நம்பியிருந்த வீடுகளில் வந்த லோடை வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் தூத்துக்குடி உப்பு என்றால் அப்பாவின் முகம் மாறிவிடும். “வாடகை வந்துரும், சேஸ் போயிரும்” என்பார். உப்பு சும்மா கிடக்கிற சரக்கு இல்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் ஈரத்தை இழுத்துத் தானாகவே கசிய ஆரம்பிக்கும். தார்ப்பாய் போட்டுக் கட்டினாலும் பலகை இடுக்கு வழியாக அந்த நீர் இறங்கும். பாடிக்கும் சேஸுக்கும் நடுவே கொடுத்திருக்கும் மரக்கட்டை அதைக் குடித்து வைத்துக்கொள்ளும். வெளியே எல்லாம் காய்ந்து கிடக்கும். கட்டைக்கு அடியில் மட்டும் இரும்பு ஈரத்திலேயே ஊறிக்கொண்டிருக்கும்.

பாடியைத் தூக்கிய அன்றுதான் அது கண்ணுக்குத் தெரியும். துரு, அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இரண்டு தகடுகள் சேர்கிற இடத்தில் புகுந்துவிட்டால் தகட்டையே பிளந்து தள்ளும், ரிவெட்டை இழுக்கும். அப்பா சின்னச் சுத்தியலால் சேஸ் நெடுகத் தட்டிக்கொண்டே போவார். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும். பொத்தென்று கேட்ட இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுவது என் வேலை.

ஒரு வருஷம் அவசரத்துக்கு ஒரு பட்டறையில் விட்டோம். மேலாகத் துடைத்துவிட்டுக் கறுப்புப் பெயிண்டை அடித்துப் பளபளவென்று கொடுத்தார்கள். அடுத்த மழைக்குப் பிறகு நகத்தால் நெண்டினேன். அப்பளம் போல ஏடு ஏடாக வந்தது; உள்ளே செக்கச்செவேலென்று ஈரம். அடியில் துரு தன் வேலையை ஒரு நாள்கூட நிறுத்தவில்லை. அதற்குப் பிறகுதான் அப்பா சேஸை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தார்.

சுரண்டி, உளி, கம்பி பிரஷ், கடைசியில் உப்புத்தாள். அந்தத் தாளின் பேரைக் கேட்டு அதிலும் உப்பைத்தான் ஒட்டியிருக்கிறார்கள் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். சேஸின் இரண்டு நெடுஞ்சட்டமும் ‘ப’வைப் பக்கவாட்டில் சாய்த்த மாதிரி மடித்த தகடு. அந்த மடிப்பின் கீழ் உதட்டில்தான் மண் அடையும். பிரஷ் நுழையாத மூலைக்குச் சின்னக் கை வேண்டும் என்பதால் என்னை உள்ளே விடுவார்.

“ஏனுங்கப்பா, இந்த மூலைய யாரு பாக்கப் போறாங்க?”

“பாரம் அதுமேலதான கண்ணு நிக்குது.”

தேய்த்து முடித்தால் போதாது. துருக்குழிகளுக்குள் உப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். பிரஷுக்கு அது வராது, தண்ணீருக்குத்தான் வரும். எங்கள் போர் தண்ணீரோ நாக்கில் வைத்தால் கரிக்கும். ஆகவே அப்பா அம்மாவின் நல்ல தண்ணீர்க் குடங்களில் கை வைப்பார். “ஏனுங்க, குடிக்கற தண்ணியக் கொண்டுபோயி இரும்புக்கு ஊத்தறீங்களே” என்று அம்மா வாசற்படியில் நின்று கேட்பார். அப்பா பதில் சொல்ல மாட்டார். மூன்று குடம் ஊற்றிக் கழுவி, துணியால் ஒற்றி, வெயிலில் விடுவார். சாயந்திரம் அவரே சைக்கிளில் போய் அதே மூன்று குடத்தையும் நிரப்பிக்கொண்டு வந்து வைப்பார். நேற்று நான் ஆர்.ஓ. தண்ணீர் கேன் இரண்டைத் திறந்து ஊற்றினேன். ஏன் என்று கேட்க அம்மா இல்லை.

குழி விழுந்த இடங்களுக்குத் துருவை மாற்றும் திரவம் வாங்கியிருந்தேன். சிலவற்றில் பாஸ்பாரிக் அமிலம் இருக்கும், சிலவற்றில் டானிக் அமிலம்; நான் வாங்கியது டானிக் வகை. பூசிய கொஞ்ச நேரத்தில் செம்மை கறுத்தது. அந்தக் கறுப்பு எனக்குப் பழக்கமானது. பாட்டி கடுக்காயை அரிவாள்மனையில் நறுக்கினால் அலகில் இப்படித்தான் படரும். கடுக்காயில் இருப்பதும் டானின். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து எழுதுமை காய்ச்சிய காலம் இருந்தது. மை கறுத்ததும், அரிவாள்மனை கறுத்ததும், இந்த 407 கறுத்ததும் ஒரே காரணத்தால்தான்.

வெறும் இரும்பை இரவில் விடக்கூடாது. பனி ஒன்று போதும், காலையில் மஞ்சள் பூத்திருக்கும். அதனால் பொழுது சாய்வதற்குள் ரெட் ஆக்சைடு. அதன் சிவப்பும் இரும்பு ஆக்சைடுதான், துருவின் இனமே. ஏற்கெனவே ஆக்சைடு ஆகிவிட்டதால் அதற்கு மேல் துருப்பிடிக்க அதில் ஒன்றும் இல்லை. முதல் பூச்சு நன்றாக இறுகிய பிறகு இரண்டாவது, அதற்குப் பிறகே கறுப்பு.

முன்சக்கரத்துக்குப் பக்கத்தில், வலது சட்டத்தில், சேஸ் நம்பர் வெட்டியிருக்கும். அங்கே மட்டும் அப்பாவின் பிரஷ் போகாது. தகுதிச் சான்றான எஃப்.சி.க்குப் போனால் அந்த எண்ணின் மேல் தாளை வைத்து பென்சிலால் தேய்த்து அச்சு எடுப்பார்கள். பெயிண்ட் புகுந்தால் எழுத்து மழுங்கிவிடும். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, கட்டைவிரலால் கிரீஸ் தடவி விடுவார். நேற்று நானும் அப்படியே செய்தேன்.

லேலண்டை உடைக்கப் போட்ட அன்று, நம்பர் இருந்த துண்டை மட்டும் வெட்டி எங்கள் கையில் கொடுத்தார்கள், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒப்படைப்பதற்காக. போகும் வழியில் அப்பா டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, டிரிப் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து அதன் மேல் வைத்து, பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொண்டார். அந்தத் தாள் அந்த நோட்டுக்குள்ளேயே இருக்கிறது. எல்லா எழுத்தும் தெளிவாக விழுந்திருக்கிறது. கடைசி எண்ணின் ஓரத்தில் மட்டும் மிளகளவு வெள்ளை. உப்பு தின்ற இடம் அது.