எதை இறுக்குவது?

தம்பி ஒரு குவாட் வாங்கிய செய்தியை அம்மா அச்சத்துடனும் அப்பா செலவுக் கணக்குடனும் எதிர்கொண்டார்கள். எனக்கு அதிலிருந்து வாய்த்தது ஒரு சொற்பொருளியல் சிக்கல். வண்டி 250 சிசி, தொடக்கநிலை ஸ்போர்ட் வகை. ஏதோ ஒரு சுற்றுலா விடுதியில் பயணிகளைச் சுமந்து ஓய்ந்தபின் கைமாறியது. பொதுச் சாலையில் ஓட்டுவதற்கானதன்று. பெங்களூருக்கு வெளியே ஒரு தனியார் மண்தடத்தில் மட்டும் ஓட்டுகிறான். பந்தயத்தில் இறங்க வேண்டும், மண்மேடுகளில் தாவ வேண்டும் என்பது அவன் விருப்பம். அதற்குச் “சஸ்பென்ஷனை டைட் பண்ணினால் போதும்” என்று முடிவும் செய்துவிட்டான்.

இந்த ‘டைட்’ என்ற சொல்லை நான் விடவில்லை. சுருள்வில்லைத் தடித்ததாக மாற்றுவதும் டைட். அதே வில்லை வளையத்தைத் திருகி முன்கூட்டியே அமுக்கி வைப்பதும் டைட். ஷாக் அமுங்கும்போது எண்ணெய் தரும் தடையை மிகுவிப்பதும் டைட். அது மீண்டு எழும்போது தரும் தடையை மிகுவிப்பதும் டைட். நான்கு வெவ்வேறு செயல்களுக்கு ஒரே சொல். பல பொருள் ஒரு சொல்லாக இருப்பது மொழிக்குப் புதிதன்று. சூழல் பெரும்பாலும் ஐயத்தை நீக்கிவிடும். ஆனால் தரைக்கு ஐந்தடி மேலே இருக்கும் ஒருவனுக்குச் சூழல் அந்த உதவியைச் செய்வதில்லை.

தம்பியின் மெக்கானிக் தருமபுரியிலிருந்து வந்து பெங்களூரில் நீண்ட காலமாக மோட்டோகிராஸ் பைக்குகளுக்கு ஷாக் பிரித்துக் கோர்ப்பவர். ஆங்கிலக் கையேட்டை அவருக்குத் தமிழில் படித்துக் காட்டுவது என் வேலையாயிற்று. கலைச்சொல் பட்டியல்களில் இருந்து ‘இறுக்கம்’, ‘மீள்வு’ என்று நான் எடுத்துச் சென்றவற்றை அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, “இங்க பாரும்மா, அமுங்கும்போது புடிக்கிறது ஒண்ணு, எழும்பும்போது புடிக்கிறது ஒண்ணு. ஸ்பிரிங்கு தனி. தம்பி எதை டைட் பண்ணச் சொல்றாரு?” என்றார். என் பட்டியலைவிட அது தெளிவாக இருந்தது. அமுங்கு, அமுக்கு, அடங்கு, அடக்கு எனத் தன்வினையும் பிறவினையும் மெல்லின வல்லின மாற்றத்தால் பிரியும் நம் மொழியில் இந்த எந்திரத்தை விளக்குவது எளிது. வில் அமுங்குகிறது, எழும்புகிறது. எண்ணெய் அதை அடக்குகிறது. பள்ளி இயற்பியலில் ‘தடையுறு அலைவு’ என்று படித்தது இதுதான்.

இந்த வேறுபாடு உடலில் எப்படி உணரப்படும் என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போட்டேன். 1.5 மீட்டர் உயரத்திலிருந்து சமதரையில் விழும் வண்டியை 15 செ.மீ. தொலைவுக்குள் நிறுத்த, சராசரியாக அதன் எடையைப் போல 11 மடங்கு விசை வேண்டும். நிறுத்துவதற்கு 25 செ.மீ. கிடைத்தால் அது 7 மடங்காகக் குறையும். டயரும் ஓட்டுபவரின் முழங்காலும் ஒரு பங்கை ஏற்கும்; இறங்குசரிவில் இறங்கினால் இன்னும் குறையும். எஞ்சியது முதுகெலும்புக்கு. பந்தய வண்டிகள் நீண்ட சஸ்பென்ஷன் பயணத்தை நாடுவது இதனால்தான்.

விழும் வேகத்தை வில் விழுங்குவதில்லை, சேமித்து வைக்கிறது. எண்ணெய்தான் அதை வெப்பமாக மாற்றுகிறது. தடை போதாத பின்ஷாக், தாவுமேட்டின் முகத்தில் அமுங்கிய மறுகணமே நிமிர்ந்து பின்பகுதியை உதைத்துத் தூக்கும். வண்டி மூக்கு கவிழ்ந்து பறக்கும். எழும்பும் தடை மிகுந்தாலோ, அடுத்தடுத்த மேடுகளில் ஷாக் நிமிர்வதற்கு முன்பே மீண்டும் அடி விழும். ஒவ்வோர் அடியிலும் பயணம் சுருங்கிக்கொண்டே போகும். தம்பியின் வண்டி முதல் வகை. பின்பக்கம் உதைப்பதை அவன் வில்லின் மென்மை என்று எண்ணி, வளையத்தைத் திருகிக்கொண்டே போயிருக்கிறான். வளையத்தைத் திருகினால் வில் வலுவாவதில்லை. வண்டியின் உயரம்தான் ஏறும். உதைப்பு அப்படியே இருக்கும்.

இன்னொரு சொல்லும் அவனை ஏமாற்றியது. விலை கூடிய ஷாக்குகளில் ‘ஹை ஸ்பீடு’, ‘லோ ஸ்பீடு’ என அமுங்கும் தடைக்கு இரு திருகுகள் உண்டு. அந்த வேகம் வண்டியின் வேகமன்று, ஷாக்கின் தண்டு உள்ளே செல்லும் வேகம். மெதுவாக வந்து உயரத்திலிருந்து விழுந்தால் அது ‘ஹை ஸ்பீடு’. 60 கி.மீ. வேகத்தில் நீண்ட வளைவில் வண்டி ஒரு பக்கம் சாய்வது ‘லோ ஸ்பீடு’. எதனுடைய வேகம் என்பதைச் சொல்லாமல் விட்ட பெயர்ச்சொல் தொடர் இது. வேற்றுமைத் தொகை மயங்குவதற்கு வகுப்பில் காட்ட நல்ல சான்று.

தம்பி முதலில் வாங்க விரும்பியவை முன்சக்கரங்களுக்கான நீண்ட ஏ-ஆர்ம்கள். பார்ப்பதற்குப் பந்தய வண்டிபோல் ஆகிவிடும் என்பதை மறுக்க முடியாது. அகலம் கூடினால் வளைவில் கவிழும் வாய்ப்பும் குறையும். ஆனால் ஷாக்கை மாற்றாமல் கையை மட்டும் நீட்டினால் நெம்புகோல் விகிதம் மாறுகிறது. ஷாக் அமுங்கும் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் சக்கரம் 10% கூடுதலாக நகர்ந்தால், சக்கரத்தில் உணரப்படும் வில்லின் வலிமை ஏறத்தாழ 17% குறையும்; விகிதத்தின் வர்க்கத்தில் குறைவதால் இந்த அளவு. அதாவது பணம் கொடுத்து வண்டியை இன்னும் மென்மையாக்கியிருப்பான், தாவி இறங்கும்போது அடிதட்டியிருக்கும். அமெரிக்க ஏஎம்ஏ மோட்டோகிராஸ் விதிகளில் குவாட்டின் அகலத்துக்கு 50 அங்குலம் என்ற வரம்பும் உண்டு. கண்ணில் பட்டதையெல்லாம் மாட்டி அகலப்படுத்துவது எதற்கும் உதவாது.

ஆகவே முதலில் அளந்தோம். வண்டியைத் தூக்கிச் சக்கரங்கள் தொங்கும்போது ஓர் அளவு. தலைக்கவசம், பூட்ஸ் அனைத்துடனும் தம்பி ஏறி அமர்ந்தபின் ஓர் அளவு. மொத்தப் பயணத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமிழ்வது பொதுவான இலக்கு. பின்பக்கம் பாதிக்கு மேல் அமிழ்ந்தது. கவசங்களுடன் அவன் எடை 90 கிலோவுக்குச் சற்று மேல். அந்த வில் அவனுக்கானதன்று. பழைய ஷாக்கைப் பிரித்து வேலை பார்க்கவும் வழியில்லை. ஓட்டத்தை நிறுத்திய ஒருவரிடமிருந்து எண்ணெய்க்குத் தனிக் குடுவையுள்ள ஷாக்குகளைப் பாதி விலைக்கு வாங்கினோம்; அந்தப் பாதியில் ஒரு பகுதி என் உதவித்தொகை. அண்ணன் பிரித்து, சீல் மாற்றி, புது எண்ணெய் ஊற்றி, நைட்ரஜன் ஏற்றி, தம்பியின் எடைக்கேற்ற வில்களைப் பூட்டினார். இரு பின்சக்கரங்களும் ஒரே திட அச்சில் இருப்பதால் பின்னால் ஒரே ஷாக். முன்னால் இரண்டு. இரண்டிலும் திருகுகளின் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பானவர்.

அம்மா இன்னும் தடத்துக்கு வரவில்லை. கழுத்துக் கவசம் வாங்கினால் வருவதாகச் சொல்லியிருக்கிறார். வாங்கியாயிற்று. இப்போதைக்குச் சிறிய மேசைமேடு மட்டும், அதுவும் இறங்குசரிவு உள்ள பக்கம். அண்ணனின் குறிப்பேட்டில் ‘அமுங்கல் 10, எழும்பல் 8’ என்று பென்சிலில் இருக்கிறது. கடைசித் திருகலிலிருந்து எத்தனை சொடுக்கு பின்னால் என்பது கணக்கு. கடந்த ஞாயிறு பின்பக்கம் இன்னும் சிறிது உதைத்ததால், வரும் ஞாயிறு எழும்பலை மட்டும் 7 ஆக்கிப் பார்க்கப்போகிறோம்.