கதவு நிலைக்கு அந்தப் பக்கம்

"சார், சாத்தான்கிட்ட பேரம் பேசுற சீன். ஆள் முகமே தெரியலையே? கதவைத் தாண்டி வைங்க, மீதியை சிஜியில பாத்துக்கலாம்."

இளம் இயக்குநர் இப்படிச் சொன்ன அன்று, 38 வருடம் கேமரா பிடித்த அந்த ஆபரேட்டருக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. அந்தப் படத்தோடு தொழிலை விட்டார்.

அவர் மனதில் இருந்தது 1968-இல் வந்த 'ரோஸ்மேரிஸ் பேபி'. இயக்கம் ரோமன் போலன்ஸ்கி, ஒளிப்பதிவு வில்லியம் ஃப்ரேக்கர். நியூயார்க்கில் வாய்ப்புக்கு ஏங்கும் நடிகன் ஒருவன், பக்கத்து வீட்டுக் கிழவரோடு பேரம் பேசி, மனைவியின் கருப்பையையே விலையாகக் கொடுக்கிறான். அந்தப் பேரத்தில் ஒரு சொல்கூட நம் காதில் விழாது. சமையலறையில் இருக்கும் மனைவி ரோஸ்மேரி திரும்பிப் பார்க்கிறாள். கூடத்து வாசலில் சிகரெட் புகை மட்டும் மிதக்கிறது. அவ்வளவுதான். பிறகு போட்டி நடிகனுக்குக் கண்பார்வை போகிறது, வேஷம் இவனுக்கு வருகிறது.

இன்னொரு ஷாட்டில் பக்கத்து வீட்டுக்காரியாக வரும் ரூத் கார்டன் படுக்கையறையில் போன் பேசுகிறார். அவர் நன்றாகத் தெரியும்படி ஃப்ரேக்கர் வைத்த கேமராவை போலன்ஸ்கி நகர்த்தச் சொன்னார். கதவு நிலை முகத்தை மறைத்தது. தியேட்டரில் ஜனங்கள் கழுத்தைச் சாய்த்து எட்டிப் பார்த்ததை ஃப்ரேக்கரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

இப்படி மறைப்பது கேட்க எளிதாக இருக்கும். கோடம்பாக்கத்தில் ஆபரேட்டரின் குரு, ஒரு நாள் முழுக்க ஒரே கதவை வைத்து அவரைப் பழக்கினார். ஓர் அங்குலம் கூடினால் முகம் தெரிந்து பயம் போய்விடும். ஓர் அங்குலம் குறைந்தால் ஃப்ரேம் தப்பு என்று நினைத்துவிடுவார்கள். உள்ளே நடிகை லேசாக அசைந்தாலும் பான் பண்ணக் கை துடிக்கும். அந்தக் கையை அடக்கவே அவருக்கு நாலு படம் ஆயிற்று. அடங்காத நாட்களில் குரு பேசமாட்டார். கேமராவை மூடிவிட்டு வெளியே போய்விடுவார். திட்டியிருந்தால் தேவலை என்று இருக்கும்.

அன்று வியூஃபைண்டரில் ஒரு கண்தான் பார்த்தது. இன்று மானிட்டர் முன்னால் பத்துப் பேர். முகம் தெரியவில்லை என்று யாராவது ஒருவர் சொன்னால் போதும், டிராலி நகர்ந்துவிடுகிறது. லென்ஸை மாற்றக்கூட யோசிப்பதில்லை. எடிட்டில் ஜூம் பண்ணிக்கொள்ளலாமாம்.

கடைசிக் காட்சியில்கூட போலன்ஸ்கி கறுப்புத் தொட்டிலைக் காட்டினார், குழந்தையைக் காட்டவில்லை. ரோஸ்மேரியாக நடித்த மியா ஃபாரோவின் முகம் போதுமானதாக இருந்தது.

இளம் இயக்குநரின் பேய்ப்படம் வெளியானபோது ஆபரேட்டர் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பேரக் காட்சி வந்தது. திரையை விட்டுவிட்டு முன்னால் இருந்த தலைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றுகூடச் சாயவில்லை.