கடலில் விழுந்த போனும் அமானிதமான நம்பர்களும்



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டிலிருந்து கொம்பியூட்டரில் வேலை பார்க்கும் தம்பி தங்கைகளும், வகுப்புக்கு வட்ஸ்அப் குழு நடத்தும் ஆசிரியர்களும் கடைசிவரை வாசியுங்கள். என்னுடைய பிழையைத்தான் எழுதுகிறேன். யாரும் கோவிக்கத் தேவையில்லை.

சில வாரங்களுக்கு முன் மூதூரில் ஒரு மையித்து வீட்டுக்குப் போகவென்று இறங்குதுறையில் படகுக்கு நின்றேன். போன் சட்டைப் பையில். செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தேன். தண்ணீரில் ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான். உலகத்தில் ஆழமான இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று நமது ஊரில் இருக்கிறது என்று எத்தனையோ வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அது எனக்கு முழுசாக விளங்கியது.

போன் போனதில் பெரிய கவலை இல்லை. அடையாள அட்டையைக் கொண்டுபோய் அதே நம்பருக்கு சிம் எடுத்தேன். பழைய போன் ஒன்றை மச்சான் தந்தார். ஜிமெயில் பாஸ்வேர்டும் நினைவில் இருந்தது. போட்டவுடன் பெயர்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. அல்ஹம்துலில்லாஹ் என்று மூச்சு விட்டேன்.

ஆனால் பாதிதான் வந்தது. இந்த வருட வகுப்புப் பெற்றோரின் நம்பர்களில் ஒன்றுகூட இல்லை.

காரணம் பிறகுதான் தெரிந்தது. புது நம்பரைச் சேமிக்கும்போது சிம்மிலா, போனிலா, கூகுள் கணக்கிலா என்று போன் ஒருதரம் கேட்கும். நான் எப்போதோ அவசரத்தில் 'போன்' என்பதைத் தட்டியிருக்கிறேன். அதற்குப் பிறகு போட்ட நம்பர் எல்லாம் அந்தக் கருவியின் வயிற்றுக்குள் மட்டுமே இருந்தது. கருவி கடலுக்குள் போனது, அதுகளும் போனது.

நான்காம் நாள் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு முட்டு வந்துவிட்டது. இழுப்பான் வீட்டில். வாப்பா கட்டாரில். உம்மாவின் நம்பர் என்னிடம் மட்டும்தான் இருந்தது. குழுவில் போட்டுத் தேடலாம் என்றால் அந்தக் குழுவே புதுப் போனில் வெறும் நம்பர்களாக நிற்கிறது. எது யாருடையது என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் ஒருவனை சைக்கிளில் அனுப்பி, உம்மா ஓட்டோவில் வந்து சேர அரை மணித்தியாலத்துக்கு மேல் போனது. பிள்ளை இப்போது நலம். ஆனால் அந்த அரை மணித்தியாலம் அந்தப் பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றது எனக்கு மறக்காது.

இது முதல் பாடம். இரண்டாவது அன்றிரவே வந்தது.

இரவுச் சாப்பாட்டின்போது மூத்த மகன் சாதாரணமாகச் சொன்னான்: "வாப்பா, உங்கட பழைய வகுப்புப் பிள்ளைகளுட உம்மாமார் நம்பர் எல்லாம் என்ட டெப்ல இருக்குதே. அதுல தேடிப் பாக்கலாமே."

எனக்குச் சோறு இறங்கவில்லை. 2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடியபோது ஒன்லைன் வகுப்புக்காக அவனுடைய டெப்பில் என் கணக்கைப் போட்டுக் கொடுத்தது நான்தான். அன்று முதல் கூகுளில் நான் சேமித்த நம்பர்கள் அங்கேயும் போய் உட்கார்ந்திருக்கின்றன. பெயரோடு, வகுப்போடு, 'உம்மா' என்ற குறிப்போடு. கணவன் வெளிநாட்டில் இருக்கும் ஒரு பெண் தன் நம்பரை ஓர் ஆசிரியருக்குத் தருகிறாள் என்றால் அது அமானிதம். என் மகன் நல்ல பிள்ளை. ஆனால் அந்த நம்பர்களை அவனுக்குக் கொடுக்க எனக்கு உரிமை இருந்ததா?

அந்தப் பதற்றத்தில் மூன்றாவது பிழையைச் செய்தேன். டெப்பை வாங்கி, அந்தப் பெயர்கள் அத்தனையையும் தெரிவுசெய்து அழித்தேன். நிம்மதியாகப் படுத்தேன். சுபஹு தொழுதுவிட்டு என் போனை எடுத்துப் பார்த்தால், மிஞ்சியிருந்த நம்பர்களும் அங்கே இல்லை!

அப்போதுதான் கிண்ணியாவில் இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தியைத் தேடிப் போனேன். லண்டனில் உள்ள ஒரு கணக்கு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். இரண்டு சின்னப் பிள்ளைகள். மேசையில் லப்டொப், பக்கத்தில் போன். விசயத்தைக் கேட்டுச் சிரித்தாள்.

"சேர், ஒன்றுக்கொன்று இணைச்ச கருவி கண்ணாடி மாதிரி. நீங்க கைய ஆட்டினா அதுவும் ஆட்டும். ஒரு இடத்தில அழிச்சா எல்லா இடத்திலயும் அழியும். அது பெட்டகம் இல்ல."

கூகுள் தொடர்புகளில் 'குப்பைத்தொட்டி' என்று ஓர் இடம் இருப்பதைக் காட்டினாள். அழித்தது 30 நாளைக்கு அங்கே கிடக்கும். எல்லாவற்றையும் திருப்பி எடுத்தாள். பிறகு டெப்பில் செய்திருக்க வேண்டியது எது என்று சொன்னாள்: நம்பர்களை அழிப்பதல்ல, அந்தக் கருவியிலிருந்து என் கணக்கையே அகற்றுவது. கணக்கு போனால் நம்பர்கள் அந்த டெப்பை விட்டுப் போகும், கணக்குக்குள் பத்திரமாக இருக்கும்.

தேத்தண்ணி குடிக்கும்போது அவள் தன் கதையையும் சொன்னாள். கம்பனிக் கூட்டம் திங்கட்கிழமைகளில் லண்டன் நேரம் காலை 9 மணிக்கு. நமக்குப் பகல் 1.30. அதை அவள் போன் கலண்டரில் கையால் 1.30 என்று எழுதி வைத்திருந்தாள். கம்பனி அனுப்பிய அழைப்பு லப்டொப்பில் வேறு கலண்டரில் கிடந்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை. ஒக்டோபர் கடைசி ஞாயிறு இங்கிலாந்தில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைப்பார்கள். நாம் வருடம் முழுக்க ஒரே நேரம். அடுத்த நாள் 1.30க்கு வந்து உட்கார்ந்தாள், யாரும் இல்லை. கூட்டம் இல்லை போல என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போய்விட்டாள். 2.30க்குக் கூட்டம் நடந்தது. புது வாடிக்கையாளரின் கணக்கை அவள்தான் விளக்க வேண்டியிருந்தது. "வேலை போயிருக்கும் சேர், அல்லாஹ் காப்பாத்தினான்" என்றாள்.

அதன் பிறகு வேலைக் கணக்கைப் போனிலும் சேர்த்துவிட்டாள். கம்பனியின் அழைப்பு அதன் நேர வலயத்தோடு வருவதால் அங்கே மணி மாறினால் இங்கே தானாக மாறும். மின்னஞ்சலும் அப்படித்தான். 'பொப்' என்ற பழைய முறையில் போட்டால் கடிதத்தை ஒரு கருவி இறக்கி எடுத்துவிடும், மற்றக் கருவிக்குக் கிடைக்காமல் போகலாம். 'ஐமேப்' முறையில் கடிதம் சேவரிலேயே இருக்கும், எந்தக் கருவியிலும் ஒரே நிலையில் தெரியும். கலண்டருக்கு 'கால்டேவ்', நம்பர்களுக்கு 'கார்ட்டேவ்' என்று அதே வேலையைச் செய்யும் முறைகள் இருக்கின்றன. ஜிமெயில், அவுட்லுக் செயலிகளில் கணக்கைச் சேர்த்தால் இதெல்லாம் உள்ளுக்குள் நடந்துவிடும். பெயர்களைப் பாடமாக்கத் தேவையில்லை.

கண்ணாடி பெட்டகம் அல்ல என்பது நம்மைப் போன்றவர்களுக்கு மட்டும் வந்த பாடமும் இல்லை. 2023 ஓகஸ்டில் நமது அரசாங்கத்தின் 'லங்கா கவர்ன்மென்ட் கிளவுட்' மீது கப்பம் கேட்கும் வைரஸ் தாக்குதல் நடந்தது. ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அதில் அடக்கம். மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்களை மீட்க முடியவில்லை. அந்தக் காலத்துக்கு, வலையமைப்புக்கு வெளியே தனியாக எடுத்து வைத்த பிரதி இருக்கவில்லை. ஒரு நாட்டுக்கே இது நடக்கும் என்றால் ஒரு வாத்தியாருக்கு நடப்பதில் என்ன புதினம்?

அவள் எனக்குச் செய்து தந்ததை உங்களுக்கும் சொல்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அரை மணித்தியாலம் ஒதுக்கினால் முடியும்.

1. தொடர்புகள் செயலியின் அமைப்புகளில், புது நம்பர் எந்தக் கணக்கில் சேமிக்கப்படுகிறது என்று பாருங்கள். போன், சிம் என்று இருந்தால் உங்கள் கணக்குக்கு மாற்றுங்கள். ஏற்கெனவே உள்ளே இருப்பதையும் கணக்குக்கு நகர்த்துங்கள்.

2. ஆளுக்கொரு கணக்கு. கடையில் போன் வாங்கும்போது தம்பி ஒருவர் போட்டுத் தந்த ஜிமெயில், பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியாத ஜிமெயில், குடும்பத்துக்கே ஒன்றான ஜிமெயில் எல்லாம் நமது வீடுகளில் நிறைய. கணவனுடையதும் மனைவியுடையதும் பிள்ளையுடையதும் ஒன்றாகக் கலந்தால் மற்றவர்களின் அமானிதமும் சேர்ந்து கலக்கும்.

3. உங்கள் கணக்கு எந்தெந்தக் கருவிகளில் திறந்திருக்கிறது என்று கூகுள் கணக்கின் 'பாதுகாப்பு' பகுதியில் தெரியும். விற்ற போன், உடைந்த போன், மருமகனுக்குக் கொடுத்த போன் இருந்தால் வெளியேற்றுங்கள்.

4. வேலைக் கணக்கில் வீட்டு நம்பர்களைச் சேமிக்காதீர்கள். வேலை முடிந்த அன்று கம்பனி கணக்கை மூடும், அதோடு எல்லாம் போகும். சில கம்பனிகளால் தூரத்திலிருந்தே போனில் உள்ளதை அழிக்கவும் முடியும். சேர்க்கும்போது என்ன அனுமதி கேட்கிறது என்று வாசியுங்கள்.

5. இரண்டு கட்டச் சரிபார்ப்பு போட்டிருந்தால், கூகுள் தரும் 10 மாற்றுக் குறியீடுகளைக் கடதாசியில் எழுதி வீட்டில் வையுங்கள். போனும் சிம்மும் சேர்ந்து தொலைந்தால் குறுஞ்செய்தி எங்கே வரும்?

6. தவணைக்கு ஒருதரம் நம்பர்களை ஒரு கோப்பாக ஏற்றுமதி செய்து பென்டிரைவில் போடுங்கள். அதுதான் பெட்டகம்.

நான் ஏழாவதாக ஒன்றைச் சேர்த்தேன். பிள்ளைகளின் அவசர நம்பர்களை ஒரு கொப்பியில் எழுதி வகுப்பு அலுமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன். ஒரு திறப்பு என்னிடம், ஒன்று அதிபரிடம். கடனைக்கூட எழுதி வை என்று சொன்ன மார்க்கம் நம்முடையது. பிள்ளையின் உயிரோடு சம்பந்தப்பட்டதை ஒரு சட்டைப் பையை நம்பி விட்டிருந்தேன். அல்லாஹ் மன்னிக்க வேண்டும்.

பழைய வகுப்புகளின் உம்மாமாரிடம் ஒரு வார்த்தை: உங்கள் நம்பர்கள் இவ்வளவு காலம் என் வீட்டில் இன்னொரு கருவியிலும் இருந்தன. யாரும் பயன்படுத்தவில்லை என்று மகன் சொன்னான், நம்புகிறேன். இப்போது அங்கே இல்லை. தெரியாமல் நடந்தாலும் பிழை என்னுடையதுதான். மாப்புத் தாருங்கள்.

இந்த வருடப் பெற்றோர்களே, உங்கள் நம்பர்களை மறுபடி தாருங்கள். தயவுசெய்து இங்கே கொமன்டில் போட வேண்டாம். பிள்ளையின் கொப்பியில் எழுதி, மடித்து அனுப்புங்கள். நானே கையால் வாங்கிக்கொள்கிறேன்.

துஆச் செய்யுங்கள்.